அதே ஒலியா, அதுபோன்ற ஒலியா?

வால்வு ஆம்ப் ஒன்றின் ஒலியை ஒரு டிஜிட்டல் கருவி கணக்கிட்டுத் தருகிறது. காதில் விழுவது அந்த ஆம்பின் ஒலிதானா, அதைப் போன்ற இன்னொன்றா? ரோலண்ட் நிறுவனத்தின் விஜி-8 1995இலும் லைன் 6 நிறுவனத்தின் பாட் 1998இலும் வந்த நாள்முதல் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்களிடையே இந்தச் சச்சரவு ஓயவில்லை. 2006இல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், அடுத்த பத்தாண்டில் கெம்ப்பர், ஹீலிக்ஸ் என்று கருவிகள் நுட்பமாகிக்கொண்டே வந்தும் சண்டை அப்படியேதான் இருக்கிறது. கருவியின் போதாமையால் எழுந்த சண்டை என்றால் கருவி தேறியதும் அடங்கியிருக்க வேண்டும். அடங்காததற்குக் காரணம், அடியில் கிடப்பது பழைய தத்துவ வழக்கு என்பதே: ஒரு பொருள் எதுவரை அதே பொருள், எங்கே அதன் சாயலாகிறது? மேடைக்காகக் கருவியை அமைப்பவர் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் அவர் திருப்பும் ஒவ்வொரு திருகும் அதற்கு ஏதோ ஒரு விடையை ஏற்றுக்கொண்டே திரும்புகிறது.

முதலில் அசல் எது என்று பார்க்க வேண்டும். ராக் இசையின் அசல் ஒலி என்று பலரும் வணங்கும் மார்ஷல் ஆம்பே ஒரு நகலாகப் பிறந்தது. லண்டனின் ஹான்வெல் பகுதியில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோருடன் சேர்ந்து 1962இல் உருவாக்கிய ஜேடிஎம்45, அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. பாஸ்மேன்கூட பேஸ் கிட்டாருக்காகச் செய்யப்பட்டது. மற்றக் கிட்டார்க்காரர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். உள்ளூரில் கிடைத்த டிரான்ஸ்ஃபார்மர், வேறு வால்வுகள், பின்பக்கம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களுக்குப் பதில் மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்கள் என்ற மாற்றங்களால் ஒலி திசை மாறியது. பிளேட்டோ ‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில் கட்டிலை வைத்து ஒரு படிநிலை சொல்கிறார்: கட்டில் என்னும் கருத்து உயர்ந்தது, தச்சன் செய்த கட்டில் அதற்கு அடுத்தது, ஓவியன் வரைந்த கட்டில் உண்மையிலிருந்து இன்னும் ஒரு படி விலகியது. அந்தக் கணக்கில் மார்ஷலுக்குப் பாஸ்மேனைவிடத் தாழ்ந்த இடமே கிடைக்கும். அப்படி யாரும் அதைக் கேட்பதில்லை. ஆக, எதிலிருந்து வந்தது என்பதை வைத்து அசலைத் தீர்மானிக்க முடியாது.

ஒரே மாடலின் இரண்டு ஆம்ப்களும் ஒன்றுபோல ஒலிப்பதில்லை. அக்காலத்து மின்தடைகளும் மின்தேக்கிகளும் குறித்த மதிப்பிலிருந்து பத்து, இருபது சதவீதம் விலகியிருப்பது சாதாரணம். வால்வுகள் தேய்ந்து மாற்றப்படுகின்றன. மின்தேக்கி உலர்ந்தால் புதிது வைக்கப்படுகிறது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்தால் வேறு ஒட்டப்படுகிறது. பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய தீசியஸின் கப்பலைப் பற்றிப் புளூட்டார்க் எழுப்பிய கேள்வி இங்கே அப்படியே பொருந்துகிறது. நாற்பது ஆண்டு பழைய ஆம்பில் தொடக்கம்முதல் மாறாமல் இருப்பது தகரச் சேசிஸும் பெயர்ப்பலகையும் மட்டுமாக இருக்கலாம்.

இந்திய மெய்யியலில் இந்த வழக்கு ஒலியை வைத்தே நடந்திருக்கிறது. ஓர் எழுத்தொலியை நேற்றுக் கேட்டவன் இன்று கேட்டதும் ‘இது அதேதான்’ என்று இனங்காண்கிறான். ஆகவே ஒலி நிலையானது, உச்சரிப்பு அதை வெளிப்படுத்த மட்டுமே செய்கிறது என்பது மீமாம்சகர் வாதம். நியாய மரபினரும் பௌத்தர்களும் இதை ஏற்கவில்லை. வெட்டிய பின் மறுபடி வளர்ந்த முடியைப் பார்த்தும் ‘அதே முடி’ என்றுதான் சொல்கிறோம். அங்கே இருப்பது ஒப்புமை, ஒருமை இல்லை என்றார்கள். தமிழிலும் இதன் தடம் உண்டு. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அளவை நூல் கற்பிக்கும்போது, ஒலி நிலையற்றது, ஏனெனில் அது செய்யப்படுவது என்ற அனுமானமே பாடத்தின் எடுத்துக்காட்டாக வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டு ‘இது ஜேடிஎம்45தான்’ என்று சொல்பவர் மீமாம்சகரின் பக்கம் நிற்கிறார். அவர் இனங்கண்டது ஓர் இனத்தின் பொதுத்தன்மையை; தனிப்பொருள் ஒன்றை அவர் இனங்காணவில்லை. டிஜிட்டல் கருவி தருவதாகச் சொல்வதும் இந்தப் பொதுத்தன்மையைத்தான். அந்த அளவில் அதன் உரிமைகோரலில் பொய்யில்லை.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. பொதுத்தன்மையை எடுப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. இரண்டும் நகலெடுப்பது வேறுவேறு பொருள்களை. முதல் வழியில் சர்க்யூட்டின் ஒவ்வொரு பகுதியின் நடத்தையும் சமன்பாடாக எழுதப்படுகிறது. கெயின் திருகை மூன்றிலிருந்து எட்டுக்குத் திருப்பினால், அந்தத் திருகிலுள்ள மின்தடை மாறும்போது வால்வு எப்படி நடக்குமோ அப்படிக் கணக்கு மாறும். இரண்டாவது வழியில், மைக் வைத்த உண்மையான ஆம்புக்குள் சோதனை ஒலிகள் அனுப்பப்பட்டு, வெளியே வருவது அலசிப் பதிவுசெய்யப்படுகிறது. கெம்ப்பரின் ‘புரொஃபைல்’, பின்னால் வந்த நரம்பியல் வலைப்பின்னல் வகைக் ‘கேப்சர்’ இரண்டும் இந்த இனம். பதிவானது திருகுகள் ஒரு குறிப்பிட்ட நிலையில் இருந்தபோது அந்த ஆம்ப் நடந்துகொண்ட விதம் மட்டுமே. பிறகு கெயினை ஏற்றினால் கிடைப்பது கருவியின் ஊகம். முதல் வழி ஆற்றலை நகலெடுக்க முயல்கிறது. இரண்டாவது வழி விளைவை நகலெடுக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஒலியில் இரண்டாவதே பெரும்பாலும் நெருங்கி வருகிறது என்பது வேடிக்கை. ஆனால் நிகழ்ச்சிக்கு நடுவே திருகைத் தொடும் பழக்கமுள்ளவருக்கு முதல் வழிதான் உதவும். எதை வாங்குவது என்ற கடைக் கேள்விக்குள் இப்படி, ஆற்றலையும் அதன் விளைவையும் பிரித்துப் பார்க்கும் ஓர் அரிஸ்டாட்டில் பாடம் ஒளிந்திருக்கிறது.

நகலுக்கென்றே உரிய பிழையும் ஒன்று உண்டு. வினாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் கருவியால் 24 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களைத்தான் குறிக்க முடியும். டிஸ்டார்ஷன் அதற்கு மேலும் அதிர்வெண்களைப் பிறப்பிக்கிறது. இடமில்லாத அவை மடிந்து கீழே விழுகின்றன. உயர்ந்த ஃப்ரெட்டில் கம்பியை இழுத்துச் சுரத்தை ஏற்றும்போது, பின்னணியில் ஒரு மெல்லிய விசில் எதிர்த்திசையில் இறங்கும். மாதிரி எடுக்கும் வேகத்தைப் பல மடங்காக்கிக் கணக்கிடுவதால் இது இப்போது பெரும்பாலும் மறைந்துவிட்டது. எந்த வால்வு ஆம்பிலும் இந்த விசில் வந்ததில்லை.

இனி மேடை அமைப்பு. கிட்டாரின் பிக்கப்புக்கும் கருவியின் நுழைவாய்க்கும் இடையிலேயே ஒலியின் முதல் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. வால்வு ஆம்பின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் சுமார் 1 மெகாஓம். அது குறைந்தால் பிக்கப்பின் உச்சம் மழுங்கும். 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் பெடலின் இம்பீடன்ஸ் மிகவும் தாழ்வு. பிக்கப்பின் கம்பிச்சுருளே அதன் சர்க்யூட்டில் ஓர் அங்கம்போல வேலை செய்கிறது. அதனால்தான் கிட்டாரின் வால்யூமைச் சற்றே குறைத்ததும் கரகரப்பு விலகித் தெளிந்த ஒலி வருகிறது. இடையில் ஒரு பஃபர் புகுந்தால் இந்த உறவு அறுந்துபோகும். நல்ல கருவிகள் சில, தேர்ந்தெடுத்த மாடலுக்கேற்பத் தங்கள் உள்ளீட்டு இம்பீடன்ஸை மாற்றிக்கொள்வது இதற்காகவே. ஒலி பெட்டிக்குள் இருக்கிறது என்று நம்புபவருக்கு இது இடறும் இடம். பெடலைத் தனியே எவ்வளவு துல்லியமாக நகலெடுத்தாலும் கிட்டாரோடு அதற்கிருந்த உறவை நகலெடுக்காவிட்டால் ஃபஸ் ஃபேஸ் கிடைக்காது.

வரிசை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: வா பெடல், கம்ப்ரசர், ஓவர்டிரைவ் ஆகியவை ப்ரீஆம்புக்கு முன்னால், கோரஸ், டிலே, ரிவெர்ப் பின்னால். எதிரொலி டிஸ்டார்ஷனுக்குள் போனால் குழம்பும். உண்மையான ஆம்பின் ப்ரீஆம்பையும் சேர்த்துப் பயன்படுத்துபவர்கள் நான்கு கேபிள் முறையில் இணைக்கிறார்கள். கிட்டாரிலிருந்து கருவிக்கு ஒன்று, கருவியிலிருந்து ஆம்பின் நுழைவாய்க்கு ஒன்று, ஆம்பின் சென்டிலிருந்து கருவிக்கு ஒன்று, கருவியிலிருந்து ஆம்பின் ரிட்டர்னுக்கு ஒன்று. வால்வும் கணிப்பும் ஒரே சங்கிலியில் கலந்துவிட்ட இந்த அமைப்பில் எங்கே அசல் முடிந்து நகல் தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது வீண்வேலை.

அடுத்தது கேபினட். டிஜிட்டல் அமைப்பில் ஸ்பீக்கர் பெட்டியின் இடத்தை இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்னும் ஐஆர் கோப்பு நிரப்புகிறது. 2,048 மாதிரிகள் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் சுமார் 43 மில்லி வினாடி நீளமுள்ள ஒரு சிறு பதிவு, அவ்வளவுதான். இதில் அடங்கியிருப்பது ஓர் அறையில், ஓர் இடத்தில் வைத்த மைக்குக்குக் கேட்ட ஸ்பீக்கர். ஷூர் எஸ்எம்57 மைக்கைக் கூம்பின் நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்தாலே ஒலி வேறாகிவிடும். அறைக்குள் ஆம்ப் முன் நின்று பழகியவர் ஐஆர் ஒலியைக் கேட்டு ‘உயிரில்லை’ என்று சொல்வது இயல்பு. ஆனால் பெரிய அரங்கில் உட்கார்ந்திருக்கும் ரசிகர் எந்தக் காலத்திலும் ஆம்பை நேரே கேட்டதில்லை. அவர் கேட்டது மைக், மிக்ஸர், அரங்க ஸ்பீக்கர் வழியே வந்த ஒலி. வீட்டில் கேட்டது இசைத்தட்டு. இயந்திரப் பிரதியில் கலைப்படைப்பின் தனித்த ஒளிவட்டம் மங்குகிறது என்று வால்டர் பெஞ்சமின் 1930களில் எழுதினார். ராக் கிட்டாரில் நடந்தது இதற்கு நேர்மாறு. ரசிகரின் மனத்தில் ஒளிவட்டம் பெற்றதே பிரதிதான். ஐஆர் அந்தப் பிரதியைத்தான் திருப்பித் தருகிறது.

வீட்டில் அமைத்துச் சேமித்த பேட்ச், அதாவது கருவியின் அமைப்புத் தொகுப்பு, மேடையில் ஏன் கெடுகிறது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933இல் காட்டியபடி, தாழ்ந்த சத்தத்தில் மனிதக் காது பேஸையும் உயர் ஒலிகளையும் குறைவாக உணர்கிறது. வீட்டில் அந்தக் குறையை ஈடுகட்ட இரண்டையும் ஏற்றி வைத்தவருக்கு, அரங்கின் சத்தத்தில் அடியில் உறுமலும் மேலே கீச்சும்தான் மிஞ்சும். எண்கள் ஒன்றும் மாறவில்லை, ஒலி மட்டும் மாறிவிட்டது. நிகழ்ச்சிக்குரிய சத்தத்திலேயே பேட்ச்களை அமைப்பது, 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 7 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு மேலேயும் வெட்டிவிடுவது, தனிவாசிப்புப் பேட்சை மட்டும் மூன்று நான்கு டெசிபெல் உயர்த்துவது என்பவை இதிலிருந்து கிளைத்த நடைமுறைகள். சேமித்த பேட்ச் என்பது ஒரு குறிப்பு மட்டுமே. ஒலி என்பது காதும் அரங்கும் சேர்ந்த பிறகு நிகழ்வது.

வாசிப்பவரின் முறையீடு மட்டும் இதில் தீர்வதில்லை. கணக்கிடும் தாமதம் அவர் சொல்லும் முதல் குறை. அது பெரும்பாலும் தவறான குற்றச்சாட்டு. மூன்று மில்லி வினாடித் தாமதம் என்பது ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கும் நேரம். ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசித்தவர் அதைவிட அதிகத் தாமதத்தை அறியாமலே ஏற்றுக்கொண்டிருந்தார். நியாயமான குறை வேறொன்று. உரத்து ஒலிக்கும் ஸ்பீக்கர் முன் நிற்கும்போது காற்றின் அதிர்வு கம்பியைத் திரும்பத் தாக்குகிறது. சுரம் ஓயாமல் நீளுகிறது. அரையடி நகர்ந்து நின்றால் வேறு மேற்சுரம் எழுகிறது. காதுக்குள் மானிட்டர் மாட்டி, மேடையில் ஸ்பீக்கரே இல்லாமல் வாசிப்பவருக்கு இந்தச் சுற்று அறுந்துவிடுகிறது. புதிய ஆர்கன் முன் அமர்ந்த கலைஞர் ஒரு மணி நேரத்தில் அதன் கட்டைகளையும் மிதிகளையும் தன் உடலுக்குள் வாங்கிக்கொள்வதை 1945இல் மெர்லோ-பாண்டி விவரித்தார். டிஜிட்டல் கருவிக்கும் அப்படிப் பழகிக்கொள்ளலாம், பழகியவர்கள் ஏராளம். ஆனால் பழக வேண்டியிருக்கிறது என்பதே, வாசிப்பவர் பக்கத்தில் இது வேறு இசைக்கருவி என்று காட்டுகிறது. ரசிகருக்கு ஒன்றாக இருப்பது வாசிப்பவருக்கு இரண்டாக இருப்பதில் முரண் எதுவும் இல்லை.

அனுபவமுள்ளவர்கள் அமைக்கும் வெளியீடுகள் இந்த வேறுபாட்டை அப்படியே பிரதிபலிக்கின்றன. எக்ஸ்எல்ஆர் வழியே மிக்ஸருக்குப் போவதில் ஐஆர் சேர்க்கப்படும். ஹம் வந்தால் கிரவுண்ட் லிஃப்ட் போடப்படும். இன்னொரு வெளியீடு ஐஆர் இல்லாமல் பவர் ஆம்புக்கும் மேடையிலுள்ள நிஜக் கேபினட்டுக்கும் போகும். அங்கே ஐஆரை நீக்க மறந்தால், ஸ்பீக்கர் ஒலியையே மறுபடி ஸ்பீக்கரில் விட்டதாகி, கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல மங்கிவிடும். இரண்டு வழிக்கும் ஈக்யூ தனித்தனி. மேடையில் அதிர்வு போதாமல் வாசிப்பவர் பெரிய வால்யூம் திருகை எவ்வளவு ஏற்றினாலும் மிக்ஸருக்குப் போகும் அளவு அசையக் கூடாது. அதனால் அந்தத் திருகு கேபினட் வெளியீட்டை மட்டும் கட்டுப்படுத்தும்படி குளோபல் அமைப்பில் மாற்றிவிட்டுத்தான் சவுண்ட் செக்குக்குப் போகிறார்கள்.