உபகாரச் சம்பளம்

நான் படிக்கும்போது அதற்கு 'உபகாரச் சம்பளம்' என்று பெயர். இப்போது கல்வி உதவித்தொகை. பெயர்தான் மாறியது. "சர்க்கார் காசுல படிக்கிற, கொஞ்சம் பொறுத்தா என்ன?" என்கிற பேச்சு மாறவில்லை.

பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் மேடவாக்கத்தில் என் வீட்டுக்கு வந்தது. நகரத்திலிருந்து பெயர்த்து வந்து போடப்பட்ட குடும்பம். அம்மா வீட்டுவேலை. இயற்பியல் படிக்க ஆசை, மார்க்கும் இருந்தது. ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் இடம் கிடைத்தது. "ஃபீஸ மொதல்ல கட்டிடு, ஸ்காலர்ஷிப் வந்தா நீ எடுத்துக்க" என்றார்கள். கட்ட வழியில்லை. முன்பணம் கேட்காத இடத்தில், ஆசைப்படாத பாடத்தில் சேர்ந்தது. நாளைக்கு ஒருத்தர் எழுதுவார்: 'இவர்கள் அறிவியலை விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை.' தேர்ந்தெடுத்தது யார்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2012இல் தமிழக அரசு, சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் நம் பிள்ளைகளின் கட்டணத்தையும் தானே ஏற்றது. உடனே புரோக்கர்கள் காலனிக்குள் வந்தார்கள். "காசே வேணாம்மா, சர்ட்டிபிகேட்ட மட்டும் குடு." காலி இருக்கைகளை நிரப்ப நம் சாதிச் சான்றிதழ் உதவியது. ஆனாலும் அந்த வழியில் எத்தனையோ வீட்டின் முதல் பட்டதாரி உருவானார். 2018இல் மத்திய அரசு, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் தொகை கிடையாது என்றது. ஆதாயம் பார்த்தவன் கல்லூரிக்காரன். கதவு மூடியது பிள்ளைக்கு. இதுவா நியாயம்?

1913இல் பரோடா மன்னர் தந்த பணத்தில்தான் அம்பேத்கர் கொலம்பியா போனார். பதிலுக்குப் பத்து வருஷம் சமஸ்தானத்தில் வேலை செய்ய ஒப்பந்தம். 1917இல் வேலைக்குப் போனவருக்கு அந்த ஊரில் தங்க இடமில்லை, விடுதியிலிருந்து விரட்டினார்கள். உபகாரம் எதுவரை கூடவரும் என்பதை அவர் பட்டே அறிந்தவர். அதனால்தான் 1942இல் வைசிராயிடம் மனுக் கொடுத்து, நம் படிப்புக்கு அரசுக் கஜானாவிலிருந்தே பணம் கேட்டார். 1944இல் திட்டம் வந்தது. அது ராஜா வீட்டுத் தயவல்ல.

அப்படியானால் அது ஏன் தயவுபோலவே வந்து சேருகிறது? 2020 டிசம்பரில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு பிரித்தார்கள். வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது என்றும் விதி. இரண்டரை லட்சத்துக்குள் வாழ்கிற வீடு முன்பணம் எங்கே போய்ப் புரட்டும்? வட்டிக்குத்தான். உரிமைக்கு வட்டி கட்டிக் காத்திருப்பவளிடம் நன்றியையும் எதிர்பார்க்கிறோம்.

கொடுப்பவன் தோதுப்பட்டபோது கொடுப்பது உபகாரம். கேட்பவளுக்குத் தேவைப்படும் நாளில் வருவதே உரிமை. நாம் கேட்க வேண்டியது தொகையை மட்டுமல்ல, தேதியையும். சேர்க்கை நாளன்று அவளிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கக்கூடாது. கல்லூரியும் அரசும் தங்கள் கணக்கைத் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். அந்தப் பெண் இயற்பியல் படிக்கட்டும்.