செருப்பும் சிகரெட்டும்

புகைப்பழக்கத்துக்கு எதிரான விளம்பரங்களில் ஒரு வகை மட்டும் எனக்கு எப்போதும் உறுத்தும். அழுகிய நுரையீரலைக் காட்டுபவை அல்ல. 2009-லிருந்து மலேசியாவில் சிகரெட் பெட்டியிலேயே அந்தப் படங்கள் வந்துவிட்டன, கண்ணுக்கும் பழகிவிட்டன. நான் சொல்வது குடும்பத்தைக் காட்டும் விளம்பரங்களை. சோபாவில் அப்பா, பக்கத்தில் இருமும் குழந்தை, பின்னால் கவலையோடு அம்மா. உங்களை நேசிப்பவர்களுக்காகவாவது விட்டுவிடுங்கள் என்கிற மாதிரி கீழே ஒரு வரி.

மருத்துவத் தகவலில் தப்பில்லை. ஆனால் அந்த வரி யாரிடம் பேசுகிறது? அப்பாவிடம் மட்டும். அம்மாவும் குழந்தையும் வெறும் படம். அவர்களுக்குச் சேர வேண்டிய காற்றை, அவருடைய அன்பின் பேரில் கேட்டு வாங்கித் தருகிறது விளம்பரம். வீட்டுக்குள் புகைக்காமல் இருப்பது அவர் காட்டும் அன்பா, அல்லது அவர் பட்டிருக்கும் கடனா? இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. அன்பைக் கொடுப்பதும் கொடுக்காததும் கொடுப்பவர் விருப்பம். கடன் அப்படி இல்லை.

உணவகத்தில் இந்தக் குழப்பமே இல்லை. 2019 ஜனவரி 1 முதல் நாட்டின் எல்லா உணவகங்களிலும், திறந்தவெளியில் மேசை போட்ட மாமாக் கடைகள் உட்பட, புகைக்கத் தடை. வேண்டுமென்றால் மூன்று மீட்டர் தள்ளிப் போக வேண்டும். எங்கள் உரிமை போச்சு என்று ஏழு பேர் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபரில் தள்ளுபடி செய்தது. இன்று பிரிக்பீல்ட்ஸில் நான் தே தாரேக் குடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து மேசைக்காரர் எழுந்து சாலையோரம் போய்ப் பற்றவைக்கிறார். அவருக்கு என்மேல் அன்பெல்லாம் கிடையாது. என் பெயர்கூடத் தெரியாது. முணுமுணுத்துக்கொண்டுதான் போகிறார். ஆனால் போகிறார். அதே மனிதர் வீட்டுக்குப் போய் ஹாலில் உட்கார்ந்து பற்றவைத்தால் கேட்க ஆளில்லை. 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்த புதிய சட்டமும் வீட்டு ஹால்வரை வருவதில்லை. முன்பின் தெரியாத எனக்குக் கிடைத்த மூன்று மீட்டர் அவர் மனைவிக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு மிஞ்சியது ஒரு விளம்பர வரி.

கட்டடங்களுக்குக் காற்றோட்டமும் குளிர்சாதன வசதியும் வடிவமைப்பது என் வேலை. அதனால் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்பதுண்டு: “ஜன்னலத் தொறந்து வச்சா போதாதா? ஏர்கோன் இழுத்துக்காதா?” இழுக்காது. நம் வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் சாதாரண ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கிற அதே காற்றைக் குளிரவைத்துத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்தால் புகை கொஞ்சம் வெளியே போகும், காற்று திரும்பினால் உள்ளேயே வரும். எங்கள் துறையின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரே 2005-இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எந்தக் கருவியாலும் இந்த ஆபத்தை முழுசாக நீக்க முடியாது, உள்ளே புகைக்காமல் இருப்பது மட்டுமே வழி. காற்றோட்டக் கருவிகளை வைத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கும் சங்கமே இப்படிச் சொல்கிறது என்றால் நம்பலாம்.

இன்னொன்று, பக்கத்தில் இருப்பவர் சுவாசிப்பதில் பெரும்பகுதி புகைப்பவர் இழுத்து ஊதும் புகை அல்ல. இரண்டு இழுப்புக்கு நடுவே, விரலிடுக்கில் சும்மா எரிந்துகொண்டிருக்கும் நுனியிலிருந்து வருவது. ‘அந்தப் பக்கம் திரும்பித்தானே ஊதுறேன்’ என்பதில் நல்லெண்ணம் இருக்கிறது, பயன்தான் இல்லை.

1981-இல் ஜப்பானிய ஆய்வாளர் தக்கேஷி ஹிராயாமா ஓர் ஆய்வை வெளியிட்டார். புகைக்காத 91,540 மனைவிகளை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு. கணவன் புகைத்த சிகரெட்டின் எண்ணிக்கை கூடக்கூட, மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் அபாயமும் கூடியது. சிகரெட் நிறுவனங்கள் அதை உடைக்கப் பெரும்பாடு பட்டன, ஆனால் பின்னால் வந்த ஆய்வுகளும் அதே பக்கம்தான் நின்றன. அந்தக் கணவர்களில் எத்தனை பேர் மனைவியை நேசித்தார்கள் என்ற கணக்கு அதில் இல்லை. தேவைப்படவும் இல்லை.

நம் நாட்டில் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி ஆண்களில் 40.5 விழுக்காட்டினர் புகைக்கிறார்கள், பெண்களில் 1.2 விழுக்காட்டினர். ஆக, வீட்டுப் புகை பெரும்பாலும் ஒரே திசையில்தான் போகிறது.

புகைமூட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2005 ஆகஸ்ட்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, அவசரநிலையே அறிவித்தார்கள். சுமத்ராவில் காட்டை எரித்தவர்களிடம் எங்கள் பிள்ளைகள்மேல் அன்பு காட்டுங்கள் என்று யாராவது கெஞ்சினோமா? எங்கள் காற்றில் கை வைக்க நீ யார் என்றுதான் கோபப்பட்டோம். வெளியிலிருந்து வரும் புகைக்கு நியாயம் பேசுகிற நாம், வீட்டுக்குள் எழும் புகைக்குப் பாசம் பேசுகிறோம்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, லேசான வாதமும் இல்லை. கிள்ளானில் லாரி ஓட்டும் மாமா ஒருவர் எனக்கு இருக்கிறார். “நாளெல்லாம் ரோட்டுல. வூட்டுலகூட நிம்மதியா ஒன்னு புடிக்க முடியலன்னா எங்கதான்யா போறது?” என்பார். அடுக்குமாடியின் மேல்தளத்தில் வீடு, லிப்ட் பாதி நாள் ஓடாது. உழைத்துக் களைத்தவனைக் குற்றவாளியாக நிறுத்தும் விளம்பரங்கள்மேல் எனக்கும் கோபம் உண்டு. நிக்கோட்டினை விடுவது மனவுறுதி மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமும் அல்ல. ஆனால் பழக்கத்தை விடுவது அவருடைய போராட்டம். எங்கே புகைப்பது என்பது மற்றவர் நுரையீரல் சம்பந்தப்பட்டது. அவர் களைப்புக்கு யாரோ விலை கொடுக்கத்தான் வேண்டும் என்றால், அது ஏன் அத்தையாக இருக்க வேண்டும்?

அத்தையைக் கேட்டால், “எனக்குப் பழகிப்போச்சுய்யா” என்கிறார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? நான் மாமாக் கடையில் மேசை மாறலாம், கடையே மாறலாம். அத்தையால் முடியாது. மறுக்க வழியில்லாத இடத்தில் ‘பரவாயில்லை’ என்ற சொல்லுக்கு எடை கிடையாது. குழந்தையிடம் அந்தச் சொல்கூட இல்லை.

தனிமனித சுதந்திரம் என்று வாதாடுபவர்கள் ஜான் ஸ்டூவர்ட் மில்லைத் துணைக்கு அழைப்பதுண்டு. ஆனால் 1859-இல் வந்த தன் நூலின் கடைசி அத்தியாயத்தில் அவரே இதைத் தொடுகிறார். மனைவி மேலும் பிள்ளைகள் மேலும் ஆண் செலுத்தும் அதிகாரத்தை அவனுடைய சுதந்திரம் என்று தப்பாகப் புரிந்துகொள்கிறோம் என்பது அவர் வாதம். ஹாலில் எரியும் சிகரெட்டுக்கு இது அப்படியே பொருந்தும்.

அதற்காக அதிகாரிகள் வந்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தட்டிக் கேட்கும் பொறுப்பை அத்தையின் தலையில் கட்டுவதும் சரியில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் வாய் திறந்து கேட்க வேண்டியிருந்தால், அது மறுபடியும் சலுகைதான்.

சட்டமும் இல்லாமல் அன்பையும் கேட்காமல் நடக்கிற ஒரு காரியம் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம். பெரியவர், விருந்தாளி, வாடகை வாங்க வந்தவர், எல்லாரும் கழற்றுகிறார்கள். கழற்றியதற்காக யாரையும் தியாகி என்று சொல்வதில்லை. மறந்து உள்ளே வந்தால் வீட்டில் ஆறு வயதுக் குழந்தைகூட “செருப்பு!” என்று சொல்லும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சிகரெட்டும் அந்த அளவுக்குச் சாதாரணமான வாசல் விஷயமாக வேண்டும். அப்போதுதான் அந்தக் குழந்தை பயப்படாமல் அதையும் சொல்லும்.