தோல்விக்குப் பின் யாரை மாற்றுவது?

2023 மே 4 அன்று மில்வாக்கி பக்ஸ் கூடைப்பந்து அணி தன் தலைமைப் பயிற்சியாளர் மைக் பூடன்ஹோல்சரை நீக்கியது. ஐம்பது ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் 2021-ல் அந்த அணிக்கு என்பிஏ கோப்பையைப் பெற்றுத் தந்தவர் அவர். நீக்கப்பட்ட பருவத்திலும் அணி 58 ஆட்டங்களில் வென்று லீக்கிலேயே முதலிடத்தில் இருந்தது. ஆனால் பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே, எட்டாம் இடத்தைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி உள்ளே வந்த மயாமி ஹீட்டிடம் 4-1 என்று தோற்றது. சாம்பியன் அணி சறுக்கும்போதெல்லாம் எழும் கேள்வி அப்போதும் எழுந்தது: கோச்சை மாற்றுவதா, ஆட்டக்காரர்களை மாற்றுவதா? மேலோட்டமாகப் பார்த்தால் இது ஆட்ட நுணுக்கம் பற்றிய கேள்வி. அதற்கு அடியில் இருப்பதோ தத்துவம் நெடுங்காலமாக மல்லுக்கட்டி வரும் கேள்வி: பலர் கைபட்டு விளைந்த விளைவுக்கு யாரைக் கர்த்தா என்று சொல்வது? இந்த இரண்டாவது கேள்விக்கு நேர்மையாக விடை தேடாமல் முதல் கேள்வியை முடித்துவைக்க முடியாது. அப்படி முடித்துவைக்கும்போது அநீதியோடு அறிவீனமும் சேர்ந்தே நேர்கிறது.

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்களைச் சொல்கிறது: செயலுக்கு இருப்பிடம், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். அப்படியிருக்க, தன்னை மட்டுமே கர்த்தாவாகக் காண்பவன் சரியாகக் காணவில்லை என்கிறது. தன்னைப் பற்றிய அந்த எச்சரிக்கை பிறரை நோக்கி நீளும் விரலுக்கும் பொருந்தும். மில்வாக்கி தோற்ற கடைசி ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். நான்காவது கால்பகுதி தொடங்கும்போது அணிக்கு 16 புள்ளிகள் முன்னிலை. அது கரைந்தது. மயாமியின் ஜிம்மி பட்லர் கடைசி விநாடியில் எம்பிப் பந்தை வாங்கி, கீழே விழுந்துகொண்டே கூடைக்குள் தள்ளிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் மயாமி 128-126 என வென்றது. டைம் அவுட் கையில் இருந்தும் பூடன்ஹோல்சர் அதை அழைக்கவில்லை; அது அவர் பிழைதான். ஆனால் அதே ஆட்டத்தில் அணியின் நாயகன் யானிஸ் அன்டெட்டகூன்போ 23 ஃப்ரீ த்ரோக்களில் 13-ஐத் தவறவிட்டார். தொடரின் முதல் ஆட்டத்தில் முதுகில் அடிபட்டு, அடுத்த இரண்டு ஆட்டங்களில் அவர் களமிறங்கவே இல்லை. நான்காவது ஆட்டத்தில் பட்லர் ஒருவரே 56 புள்ளிகள் குவித்தார். பயிற்சியாளரோ தொடரின் நடுவே தம் சகோதரரை விபத்தில் இழந்திருந்தார். இத்தனையும் சேர்ந்து விளைந்த தோல்விக்கு ஒரே ஒருவர் பொறுப்பு என்று தீர்ப்பெழுத எந்த நியாயமும் இடம் தராது.

பிறகு ஏன் பயிற்சியாளரின் தலை மட்டும் முதலில் உருள்கிறது? ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள் நீண்டவை. ஊதிய உச்சவரம்பு விதிகளுக்கு உட்பட்டவை. ஒருவரைக் கைமாற்றப் பெரும்பாலும் ஏறக்குறைய ஈடான ஊதியம் உள்ளவரை வாங்க வேண்டும். பயிற்சியாளரின் சம்பளம் அந்த வரம்புக்குள்ளேயே வராது. அவரை ஒரே அறிவிப்பில் அனுப்பிவிடலாம். ஆக, அனுப்புவது எளிது என்பதே குற்றத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. பைபிளின் லேவியராகமம் பதினாறாம் அதிகாரத்தில் இதைவிட நேர்மையான ஒரு சடங்கு இருக்கிறது. தலைமைக் குரு உயிருள்ள ஆட்டின் தலையில் இரு கைகளையும் வைத்து, மக்களின் பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு அனுப்புகிறார். அந்தப் பாவங்களை ஆடு செய்ததாக அங்கே யாரும் சொல்வதில்லை. அவை மக்களுடையவை என்று அவர்கள் சார்பில் ஒப்புக்கொண்ட பிறகே ஆடு புறப்படுகிறது. பயிற்சியாளரை அனுப்பும் இன்றைய வழக்கத்தில் அந்த ஒப்புதல் மட்டும் காணாமல் போய்விட்டது.

ஒப்புதல் இல்லாத இடத்தில் படிப்பினையும் இல்லை. மில்வாக்கி அடுத்து ஏட்ரியன் கிரிஃபினை அமர்த்தியது. 30 வெற்றி, 13 தோல்வி என்ற நிலையில் 2024 ஜனவரியில் அவரையும் நீக்கியது. பின்னர் வந்த டாக் ரிவர்ஸின் கீழ் அந்தப் பருவத்தில் 17 வெற்றி, 19 தோல்வி. மீண்டும் முதல் சுற்றிலேயே வெளியேற்றம். ஆட்டக்காரர்களையும் மாற்றிப் பார்த்தது. டேமியன் லில்லர்டுக்காக அது விட்டுக்கொடுத்த ஜ்ரூ ஹாலிடே பாஸ்டனுக்குப் போய் 2024-ல் சாம்பியன் ஆனார். இது ஓர் அணியின் கெட்ட நேரம் மட்டுமல்ல. நெதர்லாந்து கால்பந்தின் பல பருவங்களை ஆராய்ந்த பொருளியலாளர் பாஸ் டெர் வீல், பயிற்சியாளரை நீக்கிய அணிகள் மீண்டதைப் போலவே, அதே அளவு சரிந்தும் நீக்காத அணிகளும் மீண்டதைக் கண்டார். அடிமட்டத்துக்குப் போன எதுவும் ஓரளவு மேலே வரத்தான் செய்யும். அந்த ஏற்றத்தைத்தான் புதியவரின் கைராசி என்று எண்ணிக்கொள்கிறோம்.

கிளீவ்லாந்து கதை இதற்கு எதிரானது என்று சிலர் சொல்லக்கூடும். 2016 ஜனவரியில் 30 வெற்றி, 11 தோல்வியுடன் முன்னணியில் இருந்தபோதே டேவிட் பிளாட்டை நீக்கியது அந்த அணி; டைரன் லூவின் கீழ் ஜூனில் கோப்பையை வென்றது. ஆனால் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் கடைசி நிமிடம் வரை 89-89 என்றே நின்றது. கிளீவ்லாந்தின் கைரி இர்விங் தொலைவிலிருந்து எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்திருந்தால், ஜனவரி முடிவு தவறாகியிருக்குமா? முடிவின் நியாயம் பலனில் இல்லை; முடிவெடுத்தபோது இருந்த காரணத்தில்தான் இருக்கிறது. கிளீவ்லாந்து நிர்வாகத்திடம் அந்தக் காரணம் இருந்தது: அணிக்குள் ஒட்டுறவில்லை என்று அது வெளிப்படையாகவே சொன்னது. கோல்டன் ஸ்டேட் அணியும் அப்படித்தான். 51 வெற்றி பெற்ற மார்க் ஜாக்சனை 2014-ல் மாற்றி ஸ்டீவ் கெர்ரைக் கொண்டுவந்தது. பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள். ஆனால் தனியாள் ஆட்டம் குறைந்து பந்து கைக்குக் கை ஓடத் தொடங்கியது. 67 வெற்றிகளும் கோப்பையும் வந்தன. அங்கே குறை பயிற்சியாளரின் கைக்குள் இருந்தது. மாற்றமும் அதையே தொட்டது.

தெய்வத்தையும் காரணங்களில் சேர்த்தால் பொறுப்பு என்பதே கரைந்துவிடாதா என்றும் கேட்கலாம். கரையாது. கீதை தெய்வத்தை ஐந்தாவதாகத்தான் எண்ணுகிறது; முன்னுள்ள நான்கையும் அழிக்கவில்லை. அழைக்கப்படாத டைம் அவுட்டுக்கு என்ன பங்கு, முதுகில் பட்ட அடிக்கு என்ன பங்கு என்று பிரித்துப் பார்ப்பவனால்தான் திருத்தக்கூடியதைத் திருத்த முடியும். இன்னொரு வாதம்: கோடிகளில் சம்பளம் வாங்குபவருக்கு நியாயம் பற்றி என்ன கவலை? சம்பளம் வேலைக்கான கூலி. செய்யாத குற்றத்தைச் சுமப்பதற்கான விலை அல்ல. பொய்த் தீர்ப்பு அவரைக் காயப்படுத்துவதோடு நிற்காது. தீர்ப்பளித்தவர்களின் கண்ணையும் மறைக்கும்.

ஆகவே பயிற்சியாளரா, ஆட்டக்காரரா என்ற கேள்விக்கு எப்போதும் பொருந்தும் விடை கிடையாது. விடைக்கு முன் செய்ய வேண்டிய கடமை உண்டு. எந்தக் குறையை, யாருடைய கையில் உள்ள குறையை, இந்த மாற்றம் தீர்க்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். தன் பங்கையும் அதே கணக்கில் நிர்வாகம் எழுத வேண்டும். இரண்டும் முடியாதபோது பொறுமையே அறம், அது பலமும்கூட. 2010-ல் நட்சத்திரங்களைத் திரட்டிய மயாமி 9 வெற்றி, 8 தோல்வி என்று தடுமாறியபோது பயிற்சியாளர் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவை நீக்கச் சொல்லிக் கூக்குரல் எழுந்தது. அணியின் நிர்வாகத் தலைவர் பாட் ரைலி இசையவில்லை. 2012-லும் 2013-லும் ஸ்போல்ஸ்ட்ராவின் அணி கோப்பை வென்றது. 2023-ல் மில்வாக்கியை வீழ்த்திய அணிக்கும் பயிற்சியாளர் அவரே.