எழுத்தின் மீது சுமத்திய பழி

புனே நகரின் நடுவே, வானமே கூரையாக நிற்கும் வரலாற்றுக்கூடம் சனிவார் வாடா. முதலாம் பாஜிராவ் 1732-இல் கட்டி முடித்த இந்தப் பேஷ்வா அரண்மனை 1828-இல் தீக்கிரையாயிற்று. கோட்டைச் சுவர்களும், தில்லி வாயிலும், மாளிகைகளின் அடித்தளங்களும், நீரூற்றுத் தொட்டிகளுமே இன்று எஞ்சியுள்ளன. குழுக்களாக வரும் மாணவர்களும் யாத்திரிகர்களும் இங்கே ஆவலுடன் கேட்பது பெரும்பாலும் ஒரு கதையைத்தான்.

1773 ஆகஸ்டு 30 அன்று இளம் பேஷ்வா நாராயணராவ் இங்கே கூலிக் காவலர்களால் கொல்லப்பட்டார். 'சித்தப்பா, காப்பாற்றுங்கள்' என்று ரகுநாதராவிடம் ஓடிய அவரது குரல் இன்றும் இரவில் ஒலிக்கிறது என்பார்கள். 'பிடியுங்கள்' என்று சித்தப்பா எழுதிய ஆணையில் ஓர் எழுத்து திருத்தப்பட்டு, அது 'கொல்லுங்கள்' என்றாயிற்று என்பது செவிவழிச் செய்தி.

அச்செய்தி உண்மையென்றே கொள்வோம். அப்போது குற்றம் யாருடையது? எழுத்தைத் திருத்திய கையினுடையதா, வாள் வீசிய கையினுடையதா, முதல் ஆணையினுடையதா?

எண்ணமே குற்றத்தின் அளவுகோல் என்பர். அது உண்மையே. கொல்ல நினைத்தவனும் சிறைபிடிக்க நினைத்தவனும் ஒரே தரத்தினர் அல்லர். ஆயினும், பதவி ஆசையால் ஆயுதம் ஏந்தியவர்களை ஏவிவிட்டவர், 'இவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை' என்று விலகிக்கொள்ள இயலுமா? அணையை உடைத்தவன் வெள்ளத்தின் அளவைத் தீர்மானிக்க முடியாது.

தலைமை நீதிபதி ராம்சாஸ்திரி பிரபுணே, எழுத்தின் மீது பழி போட இடம் தரவில்லை. பேஷ்வா பதவியில் அமர்ந்துவிட்ட ரகுநாதராவையே குற்றவாளி என்றார். உயிரைத் துறப்பதே இதற்குப் பிராயச்சித்தம் என்று அவர் முகத்துக்கு நேரே கூறி, பதவியை உதறிப் புனேயை விட்டு அகன்றார் என்று மராட்டியர் போற்றுகின்றனர்.

தமிழர் நினைவிலும் ஓர் ஆணை உண்டு. ஆராயாது பிறப்பித்த சொல்லால் கோவலன் மாண்டான் என்றறிந்த பாண்டியன், பொற்கொல்லனின் பொய்யையோ காவலரின் வாளையோ காரணம் காட்டவில்லை. பழியைத் தனதாக ஏற்று அரியணையிலேயே உயிர் நீத்தான்.

இல்லத்திலும் அலுவலகத்திலும் நாம் சினத்தில் ஒரு சொல்லை விடுகிறோம். அதைப் பிறர் நிறைவேற்றி, ஒருவர் மனமோ வாழ்வோ சிதைந்தபின், 'நான் அப்படிச் சொல்லவில்லையே' என்கிறோம். சொல்லின் எழுத்து சரியாக இருந்திருக்கலாம். அதன் பின்னிருந்த நோக்கம் சரியானதா?

சனிவார் வாடாவுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்வோர் இரவுக் குரலைப் பற்றி மட்டும் சொல்லித் திரும்ப வேண்டாம். அதிகாரத்தின் முன் அஞ்சாது பேசிய நீதிபதியின் குரலையும் அவர்கள் கேட்கட்டும்.