போர்டில் சிரிக்கிற முகம்

தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை வரைக்கும் ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் முகங்களுக்குக் கீழேதான் போகிறார்கள். நகைக்கடைக்காரர் முகம், ஜவுளிக்கடைக்காரர் முகம், கட்சிக்காரர் முகம். சரக்கைக் காட்டுவதைவிட ஆளைக் காட்டினால் லாபம் என்று தமிழ்நாட்டில் செய்து காட்டியவர்களில் ஒருவர் வசந்தகுமார். அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர். வி.ஜி.பி.யில் விற்பனையாளராக இருந்துவிட்டு 1978இல் வசந்த் அண்ட் கோவைத் தொடங்கினார். டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் வேறு கம்பெனி செய்தது. அவருடையது என்று இருந்தது தவணையும் அந்தச் சிரிப்பும்தான். 2019இல் கன்னியாகுமரி எம்.பி. ஆனார், 2020 ஆகஸ்டில் கொரோனாவில் இறந்தார். 2021 இடைத்தேர்தலில் மகன் விஜய் வசந்த் அதே தொகுதியில் ஜெயித்தார். முகம் பிள்ளைக்குச் சொத்தாகவும் போகிறது.

மனுசன் தன்னையே சரக்காக்கிக்கொள்வது கேவலம் என்பார்கள் நம் இடதுசாரித் தோழர்கள். விலை உள்ள பொருளுக்கு மாற்று வைக்கலாம், மனிதனுக்கு இருப்பது விலை அல்ல மாண்பு என்று கான்ட்டும் சொல்லியிருக்கிறார். சரி. ஆனால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது? தென்திருவிதாங்கூரில் பெண்கள் மாரை மறைத்துக்கொள்வதற்கே 1859 வரை அடிபட வேண்டியிருந்த சாதியிலிருந்து வந்த முகம் அது. பார்க்கக்கூடாது என்று விலக்கப்பட்டவர்கள் நாற்பதடி உயரத்தில் நின்று ‘என்னைப் பார்’ என்பதை வெறும் வியாபாரம் என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை. (அந்த போர்டுக்குக் கீழே நாள் பூரா நின்றுகொண்டே விற்கிற பையன்களுக்கு முகம் கிடையாது என்பதையும் மறக்கவில்லை.)

நம் கேள்வி வேறு. முகத்துக்கு விலை வருவதற்கு முன்னாலேயே சாதிக்கு விலை வந்துவிடுகிறது. தெருவுக்குத் தெரு நாடார் ஸ்டோர், ஐயர் மெஸ், செட்டியார் மளிகை. அங்கே சாதிதான் உத்தரவாதச் சீட்டு: சுத்தம், கைநாணயம், ருசி எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். நம்ம சாதிப் பேரில் ஒரு மெஸ் போர்டு பார்த்திருக்கிறீர்களா தோழர்?

பேரை வைத்தே கடைக்கு வந்தவர் நம்மில் ஒருவர் உண்டு. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்கு ‘பறையன்’ என்று பேர் வைத்து விற்றார். வசவாக எறியப்பட்ட சொல்லை எடுத்துத் தலைப்பில் போட்டார். அயோத்திதாசருக்கு அந்தப் பேரே ஒப்பாது. 1907இல் அவர் தொடங்கியது ‘ஒரு பைசாத் தமிழன்’. இரண்டு பேருமே பிம்பத்தைக் கட்டினவர்கள்தான். ஆனால் அவர்கள் கட்டியது ஒரு ஆளின் பிம்பம் இல்லை, ஒரு ஜனத்தின் பிம்பம். அதனால் வந்த நஷ்டமும் ஜனத்தோடு பங்குபோட்டதுதான். தனியாளாகக் கடை போடுகிறவருக்கு அந்தப் பங்காளிகள் இல்லை.

இரும்புலியூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இட்லிக்கடை வைத்திருக்கிறார். காலையில் ஏழு மணிக்கே கூட்டம். கடைக்குப் பேரில்லை. ‘டிபன் ரெடி’ என்று அட்டை மட்டும் தொங்குகிறது. ஏங்க்கா என்றால், “மூஞ்சியும் பேரும் போட்டா எந்த ஊரு, எந்தத் தெருன்னு ஆரம்பிப்பாங்க. இட்லி இட்லியா இருக்கட்டும்” என்கிறார். அவர் ருசியை விற்கிறார், தன்னை மறைத்து வைக்கிறார். மாண்பு பற்றிப் பேசினவர்கள் இந்த மறைப்பையும் அல்லவா கணக்கில் எடுக்க வேண்டும்? சரக்காக ஆவதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டிய முகம் இது.

அவர் மகன் காலேஜ் முடித்தவன். அம்மா சிரிக்கிற போட்டோவைப் பெரிசாகப் போட்டு, பின்னால் நீலத்தில் ஒரு பிளெக்ஸ் அடிக்க வேண்டும் என்கிறான். நீலம் வேண்டாம், போட்டோ போதும் என்று அக்கா இறங்கி வந்திருக்கிறார். என்னைக் கேட்டார்கள். இரண்டையும் போடு என்றுதான் சொன்னேன், இப்போதும் அதையே சொல்வேன். ஆனால் அந்தக் கடைக்கு மாசாமாசம் வாடகை கட்டப்போகிறவன் நானில்லை. பிளெக்ஸ் இன்னும் அடிக்கவில்லை.