நாயின் வினையும் நமது கடனும்



உயிர்கள் அனைத்தும் இறைவனுக்கு அடிமை என்பது நமது சித்தாந்தத்தின் முதன்மையான கொள்கைகளுள் ஒன்றாம். இதனை நாவினால் உடன்படாதார் நம்முள் இலர். ஆயினும், இக்கொள்கை தெருவில் வைத்துச் சோதிக்கப்படுங்கால் நாம் எவ்வாறு நிற்கின்றோம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

தாம்பரத்தை அடுத்த ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், ஒருநாட் காலை ஒரு பெண்நாய் வண்டியில் அடிபட்டுப் பின்கால்கள் முறிந்து கிடந்தது. சிலர் சூழ்ந்து நின்றனர், யாமும் நின்றோம். திருநீறணிந்த முதியவர் ஒருவர், “பாவம், முற்பிறப்பின் வினையை அநுபவித்துக் கழிக்கின்றது, நாம் இடையிற் புகலாகாது” என்று கூறி அகன்றார். அச்சொல் சாத்திரத்தோடு ஒத்ததுபோலத் தோன்றியமையின் யாமும் வாளாவிருந்தோம். பின்னர் வந்த இளைஞன் ஒருவன் ஒரு கோணியை விரித்து, அதனை மெல்லத் தூக்கிக் கிடத்தி, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டு சென்றான். அவன் நெற்றியில் நீறில்லை. சாத்திரம் பயின்றவனாகவுந் தோன்றவில்லை. முதியவர் சொல்லும் இளைஞன் செயலும் எம் உள்ளத்தை விட்டு நீங்காமையின் இதனை எழுதலுற்றோம்.

முதியவர் கூற்றில் உண்மை சிறிதுமில்லையோவெனின், உண்டு. இன்பதுன்பங்கள் வினைவழி வருவன என்பது நமக்கும் உடன்பாடே. ஆனால், வினை சடம். அது தானே வந்து பற்றமாட்டாது. அதனை அளந்து ஊட்டுவோன் இறைவன் ஒருவனே என்பதன்றோ நம் சித்தாந்தம்? அந்நாய்க்குரிய துன்பம் இவ்வளவென்று அளந்தவன் அவனாக, அது சாகுமளவும் அங்கேயே கிடத்தல் வேண்டுமென்று வரையறுத்தற்கு நாம் யார்? அடிபட்டது அதன் வினையெனின், கோணியோடு ஒருவன் வந்ததும் அதன் வினையே எனல் வேண்டும். மேலும், நம் மகவு காய்ச்சலுற்றுக் கிடக்குங்கால், “வினை கழிகின்றது” என்று மருத்துவரை அழையாதிருப்பார் உளரோ? தம் மகவுக்குச் சொல்லாததனை நாய்க்குச் சொல்வது சாத்திரமன்று. தன்னலத்திற்குச் சாத்திரத்தைப் போர்வையாக்குதலேயாம்.

பிறருடைய பிராரத்துவத்தைப் பற்றி நமக்கு ஒன்றுந் தெரியாது. நாம் இப்பொழுது செய்யும் ஆகாமியமோ நம் கையில் உள்ளது. நாய் கிடப்பது அதன் பழவினை. கண்டும் கடந்துபோவது நமது புதுவினை.

“பசுவாயின் போற்றலாம், நாய் இழிந்ததன்றோ?” என்பார் சிலர். இழிவும் உயர்வும் உடம்பைப் பற்றியன. ஆன்மாவைப் பற்றியன அல்ல. ராஜகீழ்ப்பாக்கத்திற்கு அண்மையிலுள்ள மாடம்பாக்கத்துத் தேனுபுரீசர் திருக்கோயிலின் தலவரலாறு, கபிலமுனிவர் பசுவாய்ப் பிறந்து அங்குள்ள இலிங்கத்தின்மேற் பால் சொரிந்து வழிபட்டு முத்தியுற்றார் என்று கூறுகின்றது. அப்பசுவுடம்பு ஒரு முனிவரைத் தாங்கியது எனின், நம் தெருமுனையிற் கிடக்கும் நாயுடம்பு யாரைத் தாங்குகின்றதென்று அறிவார் யார்? தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சோமசுந்தரக் கடவுள் தாமே தாய்ப்பன்றியாய் வந்து பாலூட்டிய வரலாற்றைத் திருவிளையாடற் புராணத்திற் படித்துக் கண்ணீர் உகுக்கின்றோம். தேய்பிறை அட்டமியில் வைரவக் கடவுளுக்கு மாலை சாத்தி, அவர் ஊர்தியாகிய நாயையுந் தொழுகின்றோம். வெளியே வந்தவுடன், வாயிலிற் படுத்திருக்கும் நாயைக் கல்லெடுத்து எறிகின்றோம். கல்லிற் செதுக்கிய நாய் வணக்கத்திற்குரியதாகவும், உயிருள்ள நாய் கல்லடிக்குரியதாகவும் இருப்பது என்ன நெறி?

இனி, மறுதரப்பாரின் அச்சமும் இகழத்தக்கதன்று. பள்ளி செல்லும் சிறுவரும் வைகறையில் நடக்கும் முதியோரும் கடியுண்கின்றனர். வெறிநாய்க்கடி நோய் குறிகாட்டியபின் பிழைப்பார் மிக அரியர். ஆதலின், கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீருங்கொண்டு கால்மணி நேரம் கழுவி, உடனே தடுப்பூசிக்குச் செல்லுதல் வேண்டும். மனிதவுயிரைப் புறக்கணித்து நாயுயிரைக் காப்பது அருளாகாது. ஆனால், நாய்களைக் கொல்லுதலால் அவ்வச்சம் நீங்குமோ? சென்னை மாநகராட்சி பல்லாண்டுகள் கொன்று பார்த்தது, நாய்கள் குறைந்தில. ஒரு தெரு வெறிதானால் அயல்தெரு நாய்கள் அங்குக் குடிபுகும். எஞ்சியவை ஆண்டிற்கு இருமுறை ஈனும். கேப்டன் வி. சுந்தரம் 1959-ல் தோற்றுவித்த இந்திய நீலச்சிலுவைச் சங்கம், 1964 முதல் கருத்தடையும் தடுப்பூசியுமே வழியென வற்புறுத்தி வந்தது. சென்னை மாநகராட்சி 1996-ல் அம்முறையை மேற்கொண்டது. 2001-ல் அதுவே நாடு முழுமைக்கும் விதியாயிற்று. ஓரூர் நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி இட்டால் வெறிநோய் பரவுதல் அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு. ஆகவே, நாய்க்கிடும் ஊசி நம் குழந்தைக்கு இடும் காப்புமாம்.

கருத்தடை செய்தல் பிறக்கவேண்டிய உயிரைத் தடுத்தலாகாதோ எனின், உயிரை உடம்போடு கூட்டுவோன் இறைவன். அவனுக்கு வேறு உடம்பில்லாமற் போகாது. பிறந்து, பால் வற்றிய தாயின் அருகே பசித்தும், வண்டிச் சக்கரத்தின்கீழ் நசுங்கியும் மாயும் குட்டிகளைக் கண்டவர்க்கு இவ்வையம் எழாது. மருத்துவன் கத்தியும் கொலைஞன் கத்தியும் ஒன்றல்ல.

ஈண்டுத் தெருவில் சோறிடும் அன்பர்க்கும் ஒன்று சொல்லுதற்குரியோம். சோறிடுதல் அருளின் தொடக்கம், முடிவன்று. பசியாற்றி, ஊசியிடாது விடுவது பாதி அருளாம். 2025 ஆகஸ்டு 22-ல் உச்சநீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நாய்களை, வெறிநோய் ஐயமுற்றவையும் மூர்க்கமுடையவையும் நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விடுமாறும், உணவிடுதற்குத் தனியிடம் குறிக்குமாறும் பணித்தது. அவ்வாண்டு நவம்பர் 7-ல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், புகைவண்டி நிலையம் முதலியவற்றிலுள்ள நாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்குமாறும் பணித்தது. இதனாற் காப்பகங்களின் சுமை பெருகும் என்பது வெளிப்படை. இடம் நெருங்கினால் தொற்றுநோய் புகுந்து குட்டிகள் கொத்தாக மடியும். மதிற்சுவர் மட்டும் காப்பகமாகாது. மருந்தும், அரிசியும், கழுவும் கைகளும் வேண்டும்.

ஆதலின், நம் திருக்கூட்டங்கள் குருபூசை அன்னதானத்தில் ஒரு பங்கினை அருகிலுள்ள காப்பகத்திற்கு ஒதுக்குதல் தகும். பழந்துணியும் கோணியும் வீட்டில் வீணே கிடப்பானேன்? அவை ஆங்குப் படுக்கையாகும். விலை கொடுத்துச் சீமைநாய் வாங்குவோர், தாயற்ற நாட்டுக்குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கலாம். தெருநாயின் செவிநுனியில் கருத்தடை செய்ததற்குரிய வெட்டுக்குறி இல்லையேல், மாநகராட்சிக்கு அறிவிக்கலாம். இவற்றுள் ஒன்றேனும் இயலாதார் நம்முள் இலர்.

அன்று அந்நாயின் வினை எவ்வளவு கழிந்ததென்பதை இறைவன் அறிவான். கைகட்டி நின்ற எமக்கு ஒரு வினை ஏறிற்று என்பதை யாம் அறிவோம்.

திருச்சிற்றம்பலம்.