விதியும் விதிகளும்

“தலைவிதி” என்றார் பூசாரி, ஏழை கைகூப்பினான். “சட்டவிதி” என்றார் அலுவலர். அப்போதும் அவன் கைகூப்பினான். இரண்டுக்கும் தமிழில் சொல் ஒன்றே. முன்னதை எதிர்த்துக் கேள்வி கேட்க நமக்குக் கற்றுக் கொடுத்தது பகுத்தறிவு இயக்கம். பின்னதையும் அறிவின் உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டாமா? சட்டத்தை மீறுங்கள் என்பதன்று இதன் பொருள். சட்டம் மனிதன் இயற்றியது. ஆகவே மனிதனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதே பொருள்.

இக்கேள்வியை எழுப்ப நெல்லைச் சீமையில் மாஞ்சோலையினும் ஏற்ற இடம் இல்லை.

மணிமுத்தாறு அணையைக் கடந்து மலையேறினால் மாஞ்சோலை. அதற்கும் மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. சிங்கம்பட்டி ஜமீனுக்குரிய இக்காட்டில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைப் பம்பாய் பர்மா வணிகக் கழகம் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. சென்னையில் 1919இல் நடந்த கல்லூரி முதல்வர் கொலை வழக்கில் ஜமீன் வாரிசு குற்றம் சாட்டப்பட்டு, பின்னர் விடுதலை பெற்றார். அவ்வழக்கினால் ஏறிய கடனே காட்டைக் குத்தகைக்கு விட வைத்தது என்பது இவ்வட்டாரத்தில் வழிவழியாக வழங்கும் செய்தி. 1952இல் ஜமீன் போயிற்று. நிலம் அரசுக்கு வந்தது. குத்தகை மட்டும் போகவில்லை. ஜமீன் மறைந்த பின்னும் ஜமீன் இட்ட கையெழுத்து மறையவில்லை. ஏட்டுக்கு அவ்வளவு ஆயுள்!

அந்த மலையைத் தேயிலைத் தோட்டமாக்கியவர் யார்? சமவெளியில் ஒரு குழி நிலமும் இல்லாதவர். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர். அட்டை கடிக்க, அடைமழை நனைக்க, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர். அவர்களது உழைப்பு ஏட்டில் ஏறவில்லை. ஆகவே அதற்கு ஆயுளும் இல்லை.

1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, மருத்துவம், பிள்ளைகளுக்குப் பள்ளி ஆகியவற்றிற்கு முதலாளியே பொறுப்பு என்றது. நல்ல சட்டம், நன்றி பாராட்டத்தக்க சட்டம். ஆயினும் அந்த நன்மைக்குள்ளே ஒரு முள்ளும் இருந்தது. வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை உள்ளவரை கூரை. வேலை போனால் கூரையும் போகும். பிறந்து வளர்ந்த வீட்டிலேயே அவன் விருந்தாளி!

கூலி உயர்வு கேட்டார்கள், சிறைப்பட்டார்கள். சிறைப்பட்டோரை விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் போனார்கள். காவலர் தடியடிக்கு அஞ்சித் தாமிரபரணியில் இறங்கினார்கள். 17 உயிர்கள் போயின. அவற்றுள் ஒன்று பச்சிளங் குழந்தையின் உயிர். திராவிட இயக்கம் அரியணையில் இருந்த நாளில்தான் இது நடந்தது. மறைப்பதற்கில்லை, மறைத்தால் நாம் பேசும் பகுத்தறிவுக்குப் பொருள் இல்லை.

அதற்கு முன்பே புலி வந்திருந்தது. 1988இல் களக்காடு முண்டந்துறை தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆயிற்று. குத்தகை 2028இல் முடியவிருந்த நிலையில், 2024இல் நிறுவனம் முன்கூட்டியே விலகியது. விருப்ப ஓய்வுத் தாளை நீட்டியது. வீட்டைக் காலி செய்யவும் கெடு வைத்தது. தொழிலாளர் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினர். அரசின் தேயிலைக் கழகமே தோட்டத்தை நடத்தட்டும் என்று வேண்டினர். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியோருக்காக நீலகிரியில் அரசு தேயிலை வளர்த்ததை அவர்கள் அறிவர். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் வந்த தீர்ப்பு அதற்கு இசையவில்லை. காடு காடாகட்டும், மக்களுக்கு மறுவாழ்வு உதவிகள் கிடைக்கட்டும் என்றது.

காட்டைக் காப்பது தவறா? இல்லை. காடு இல்லையேல் தாமிரபரணி இல்லை. தாமிரபரணி இல்லையேல் நெல்லை இல்லை. நிறுவனம் சட்டத்தை மீறியதா? அதுவும் நம் வழக்கன்று. “சட்டப்படி தரவேண்டியதைத் தந்தோம், அதற்கு மேலும் தந்தோம், இனி எங்கள் கடன் என்ன?” என்று முதலாளி கேட்கலாம். அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. விதிகளை நம்பித்தான் ஒருவர் தொழிலில் முதல் போடுகிறார். நாளுக்கொரு விதி போட்டால் தொழில் நிலைக்காது.

சரி, விதியின் மொழியிலேயே பேசுவோம். குத்தகை முடியும் நாள் 1929லேயே குறிக்கப்பட்டுவிட்டது. நிலம் என்று திரும்பும் என்பது எழுதப்பட்டிருந்தது. மக்கள் எங்கே திரும்புவார்கள் என்பது எழுதப்படவில்லை. கையெழுத்திட்ட ஜமீனும் கேட்கவில்லை. கையெழுத்துப் பெற்ற நிறுவனமும் கேட்கவில்லை. 1952 முதல் நிலத்துக்கு உடையவராகிய அரசும் கேட்கவில்லை. ஓராண்டு உழைப்புக்குப் பதினைந்து நாள் கூலி என்று 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் கணக்கிட்டது. அது ஒருவரது பணிக்காலத்தின் கணக்கு. நான்கு தலைமுறைக்கு எந்த ஏட்டில் கணக்கு?

வழி இல்லாமல் இல்லை. வனநிலத்தை வேறு பயனுக்கு எடுப்பவர், இழந்த காட்டுக்கு ஈடாகக் காடு வளர்க்கப் பணம் கட்ட வேண்டும். அப்பணத்துக்கென 2016இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். தொழில் நொடித்து விடவில்லை. மரத்துக்கு ஈடு கேட்கத் தெரிந்த சட்டத்துக்கு மனிதனுக்கு ஈடு கேட்கத் தெரியாதா? அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும் எந்த நிறுவனமும், குத்தகை முடியும் நாளில் தொழிலாளிக்குச் சொந்த வீடும் நிலமும் கிடைப்பதற்கென ஆண்டுதோறும் ஒரு பங்கை ஒதுக்கட்டும். தொடக்கத்திலேயே தெரிந்த செலவு எந்த முதலாளியையும் கவிழ்ப்பதில்லை. எதிர்பாராத கெடுதான் தொழிலாளியைக் கவிழ்க்கிறது.

இது நடக்குமா என்று ஐயுறும் இளைஞருக்கு ஒரு வரலாறு. 1918இல் சென்னையில் தொழிலாளர் சங்கம் எழுந்தது. ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளரைத் தூண்டினார் என்று பின்னி ஆலையார் 1920இல் சங்கத் தலைவர் வாடியா மீது வழக்குத் தொடுத்து, உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றனர். அன்றைய விதியின்படி சங்கம் நடத்துவதே முதலாளிக்கு இழைக்கும் தீங்கு! சங்கத்தார் அதைத் தலைவிதி என்று ஏற்றிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். கேட்டார்கள், போராடினார்கள். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. நேற்றைய குற்றம் இன்றைய உரிமை ஆயிற்று.

தீர்ப்பு எழுதுபவர், இருக்கும் சட்டத்தை வைத்தே எழுதுவார். இல்லாத சட்டத்தை அவரிடம் எதிர்பார்ப்பதில் பயனில்லை. அதை எழுத வேண்டிய இடம் சட்டமன்றம்; எழுத வைக்க வேண்டியவர் நாம். தலையில் எழுதப்பட்டதாகச் சொன்ன எழுத்தையே அழிக்கத் துணிந்தவர்கள், தாளில் எழுதப்பட்ட எழுத்தைத் திருத்தத் தயங்குவதா?